ஆன் ஆர்பரில் ஒரு சனிக்கிழமை: மிச்சிகன் அணியின் 2023 சீசன்

டெட்ராய்ட் விமான நிலையத்திலிருந்து மேற்கே காரில் அரை மணி நேரம் சென்றால் ஆன் ஆர்பர் வருகிறது. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அந்நகரத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 1,24,000. அங்குள்ள மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து மைதானத்தில் உட்காரக்கூடியவர்களோ 1,07,601 பேர். அந்தக் கடைசி ஓர் இருக்கை, பயிற்சியாளராகவும் விளையாட்டுத் துறைத் தலைவராகவும் இருந்த ஃபிரிட்ஸ் கிரிஸ்லரின் நினைவாக ஒதுக்கப்பட்டது என்கிறார்கள். அது எங்கே இருக்கிறது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. 1927இல் திறக்கப்பட்ட இந்த மைதானத்தைத் தெருவிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது இவ்வளவு பெரியது என்று தோன்றாது. பெரும்பகுதி தரைமட்டத்துக்குக் கீழே தோண்டப்பட்டிருப்பதால், நாம் வாசலில் நுழைந்த உடனேயே ஒரு பெரும் கிண்ணத்தின் விளிம்பில் நிற்கிறோம். களம் எங்கோ ஆழத்தில் பச்சையாகத் தெரிகிறது.

நான் சென்றது 2023 அக்டோபர் 14, சனிக்கிழமை, இந்தியானா பல்கலைக்கழகத்துக்கு எதிரான ஆட்டத்துக்கு. அங்கே முதுகலை படிக்கும் என் அண்ணன் மகன்தான் டிக்கெட் எடுத்திருந்தான். எதிரே இருக்கும் கோல்ஃப் மைதானமும் பயனியர் உயர்நிலைப் பள்ளியின் வளாகமும் காலையிலிருந்தே கார் நிறுத்துமிடங்களாகியிருந்தன. காரின் பின்கதவைத் திறந்துவைத்து, அடுப்பு மூட்டி, இறைச்சி வாட்டி, முன்பின் தெரியாதவர்களையும் சாப்பிடக் கூப்பிடும் அந்த விருந்தோம்பலில் நனைந்த புல்லின் மணமும் கரியின் மணமும் கலந்திருந்தன. மழை தூறிக்கொண்டே இருந்தது. உள்ளே குடைக்கு அனுமதியில்லை என்பதால், மஞ்சளும் நீலமுமான மழை அங்கிகளோடு ஒரு லட்சம் பேர் அலுமினியப் பலகைகளில் நெருக்கியடித்து அமர்ந்தோம். அந்தச் சீசனில் மதுகூட அங்கே விற்கப்படவில்லை. அவ்வளவு கூச்சலும் நிதானத்தில் இருந்தவர்கள் போட்டதுதான் என்பது எனக்கு வியப்பாக இருந்தது.

எங்கள் இருக்கைகள் களத்தின் ஒரு முனைக்குப் பின்னால், வெகு உயரத்தில் இருந்தன. மோசமான இடம் என்று நான் நினைத்ததை அவன் ஒப்புக்கொள்ளவில்லை. "சித்தப்பா, பந்தைத் தேடாதீங்க. முன்னால குனிஞ்சு நிக்கிற அந்த அஞ்சு பேரை மட்டும் பாருங்க" என்றான்.

ஆட்டத்தின் அடிப்படை எளியது. நான்கு முயற்சிகளுக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மீண்டும் நான்கு முயற்சிகள் கிடைக்கும். பந்தை எறிபவரையும் பிடித்து ஓடுபவரையும் தொலைக்காட்சிக் கேமரா விடாமல் துரத்துகிறது. அவர்களுக்கு வழியமைக்கும் முன்வரிசை ஐவர், பெரும்பாலும் ஆறரை அடி உயரமும் 140 கிலோ எடையும் கொண்டவர்கள். நடுவில் நின்று பந்தைப் பின்னால் அனுப்பும் ஒருவரைத் தவிர மற்றவர்கள் ஆட்டம் முழுவதும் பந்தைத் தொடாமலே வீடு திரும்பக்கூடும். தேரோட்டத்தில் எல்லார் கண்ணும் சாமி மேல் இருக்க, சக்கரத்தடியில் முட்டுக்கட்டையோடு ஒருவர் குனிந்தபடி ஓடுவாரே, அவரைப் போன்றவர்கள் இவர்கள். முனையிலிருந்து பார்த்தபோது எதிரணியின் சுவரில் அவர்கள் ஓர் இடைவெளியைத் திறப்பதும், அது மூடிக்கொள்வதற்குள் பிளேக் கோரம் என்ற குட்டையான ஓட்டக்காரர் அதனுள் நுழைவதும் வரைபடம்போல் தெரிந்தன. அன்று ஒரு தந்திர ஆட்டத்தின் மூலம் முதலில் புள்ளி எடுத்தது இந்தியானாதான். அதன் பிறகு மிச்சிகன் 52 புள்ளிகள் எடுத்தது. இந்தியானா ஏழிலேயே நின்றது. விளம்பர இடைவேளைகளால் ஒரு மணி நேர ஆட்டம் மூன்று மணி நேரத்தைத் தாண்டுவது மட்டும் எனக்குப் பிடிபடவே இல்லை.

அந்த வாரமே நிலைமை மாறியது. எதிரணிகள் தங்கள் வீரர்களுக்கு அடுத்த நகர்வைச் சொல்லக் களத்தின் ஓரத்திலிருந்து காட்டும் சைகைகளைப் படிப்பதற்காக, அவற்றின் ஆட்டங்களுக்கு முன்கூட்டியே ஆளனுப்பிப் படம் பிடித்ததாக மிச்சிகன் மீது விசாரணை தொடங்கியது. சைகையைப் புரிந்துகொள்வதில் குற்றமில்லை. நேரில் ஆளனுப்பி வேவு பார்ப்பதைத்தான் விதி தடுக்கிறது. தலைமைப் பயிற்சியாளர் ஜிம் ஹார்பா, வீரர்களைச் சேர்ப்பது தொடர்பான வேறொரு விவகாரத்தில், சீசனின் முதல் மூன்று ஆட்டங்களுக்குப் பல்கலைக்கழகத்தாலேயே விலக்கிவைக்கப்பட்டிருந்தவர். நவம்பர் 10 அன்று, மிச்சிகன் விளையாடும் பிக் டென் என்ற பல்கலைக்கழக அணிகளின் கூட்டமைப்பு, வழக்கமான சீசனின் எஞ்சிய மூன்று ஆட்டங்களுக்கும் அவரைத் தடைசெய்தது. ரசிகர்கள் இதைச் சதி என்றார்கள். வெற்றிகளை மறுக்காமலே, அணி தண்டனைக்குரிய காரியம் செய்தது என்று ஏற்றுக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை.

மறுநாள் பென்சில்வேனியாவில் பென் ஸ்டேட் அணியோடு ஆட்டம். பொறுப்பேற்றவர் ஷெரோன் மூர்; அந்த முன்வரிசைக்குப் பயிற்சியளித்துவந்தவரே அவர்தான். 2021, 2022 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் நாட்டின் சிறந்த முன்வரிசைக்கான ஜோ மூர் விருதை அவருடைய ஆட்கள் வென்றிருந்தனர். பிற்பாதியில் அவர் ஏறக்குறைய பந்தை எறிவதையே நிறுத்திவிட்டார். தொடர்ந்து 32 முறை ஓட்டம். அதிகாரபூர்வக் கணக்கில் ஒரு பாஸ்கூட இல்லை. அடுத்து என்ன வரும் என்பது எதிரணிக்கும் அரங்கிலிருந்த ஒரு லட்சம் பேருக்கும் தெரிந்திருந்தும் தடுக்க முடியவில்லை. சைகைகளைத் திருடித்தான் ஜெயித்தார்கள் என்ற பேச்சுக்குக் களத்தில் இதைவிடத் தெளிவான பதில் இருந்திருக்க முடியாது. 24-15 என வென்ற பிறகு மூர் தொலைக்காட்சி முன் அழுதுவிட்டார். அடுத்த வாரம் மேரிலாந்தை 31-24 என வென்றது மிச்சிகனின் 1,000ஆவது வெற்றி. கல்லூரிக் கால்பந்தில் அந்த எண்ணை முதலில் தொட்ட அணி இதுவே.

நவம்பர் 25, ஒஹையோ ஸ்டேட் ஆட்டத்துக்கு டிக்கெட் விலை எங்கள் கைக்கு எட்டவில்லை. பக்கத்து ஊரான கேன்டனில், உறவினர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து தொலைக்காட்சியில் பார்த்தோம். டொலீடோ நிலப்பகுதிக்காக 1835இல் இரு தரப்பும் படை திரட்டிய காலத்திலிருந்தே இவ்விரு மாநிலங்களுக்கும் ஆகாது. 2012 முதல் 2019 வரை ஒஹையோவிடம் ஆண்டுதோறும் தோற்ற மிச்சிகன், 2021இலும் 2022இலும் வென்றிருந்தது. மூன்றாம் கால்பகுதியில் 17-17 எனச் சமநிலையில் இருந்தபோது முன்வரிசையின் வலப்பக்கக் காவலர் ஸாக் ஸின்டரின் கால் எலும்புகள் முறிந்தன. அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகையில் அரங்கமே அவர் பெயரைச் சொல்லி முழங்கியது. பந்தைத் தொடாத ஒருவருக்காக அத்தனை குரல்கள் எழுந்ததை நான் வேறெங்கும் கேட்டதில்லை. அடுத்த முயற்சியிலேயே கோரம் 22 கெஜம் ஓடி எல்லையைத் தொட்டு, ஸின்டரின் எண்ணான 65ஐ விரல்களால் காட்டினார். 30-24, கடைசி நொடிகளில் மிச்சிகன் வீரர் ராட் மூர் எதிரணியின் பாஸைப் பறித்ததோடு முடிந்தது.

பிறகு நடந்ததை ஊர் திரும்பி விடியற்காலைகளில் கணினியில் பார்த்தேன். பிக் டென் இறுதி ஆட்டத்தில் ஐயோவாவுக்கு எதிராக 26-0. ரோஸ் பவுல் எனப்படும் தேசிய அரையிறுதியில் கூடுதல் நேரம்வரை சென்று அலபாமாவை 27-20. ஜனவரி 8 அன்று ஹியூஸ்டனில் நடந்த தேசிய இறுதி ஆட்டத்தில் வாஷிங்டனை 34-13. அந்த ஆண்டின் ஜோ மூர் விருது வாஷிங்டனின் முன்வரிசைக்குத்தான் போயிருந்தது. பதினைந்து ஆட்டங்களில் பதினைந்து வெற்றிகளுடன் கோப்பையை வென்ற ஹார்பா அதே மாதம் லாஸ் ஏஞ்சலிஸ் சார்ஜர்ஸ் என்ற தொழில்முறை அணிக்குச் சென்றுவிட, ஷெரோன் மூர் தலைமைப் பயிற்சியாளரானார். ஏப்ரலில் தொழில்முறை அணிகள் வீரர்களைத் தேர்வு செய்தபோது கோரம் 83ஆவதாகவும் ஸின்டர் 85ஆவதாகவும் அழைக்கப்பட்டனர். ஸின்டரை எடுத்துக்கொண்டது கிளீவ்லேண்ட் பிரௌன்ஸ். அது ஒஹையோவின் அணி.