ஐந்தாம் பக்கம்

ஜனவரி 5

கதை திரும்பி வந்துவிட்டது. 11 பக்கத்துக்கும் சேர்த்து ஐயாவின் பென்சில் பட்டது மூன்றே இடம். ‘40 கொண்டை ஊசி வளைவுகள்’ என்பதன் கீழே ஒரு கோடு. ‘வெண்பட்டு போர்த்திய மலை’க்கு ஒரு கோடு. ஐந்தாம் பக்கத்தில், தாத்தா போன சேதி கேட்டு அம்மாயி மாரில் அடித்துக்கொண்டு அழும் பத்தியின் ஓரத்தில் மட்டும் ஒரு கேள்வி: “பார்த்தாயா?”

எப்படிப் பார்த்திருப்பேன்? அப்போது அம்மாவுக்கே ஆறு வயசு.

ஜனவரி 6

அம்மாயிக்கு இருமல் நிற்கவில்லையாம். மாமா போன் செய்தார்.

ஜனவரி 8

இரண்டாம் முறை எழுதி முடித்தேன். காலையில் ‘அழுதாள்’ என்பதைக் ‘கதறினாள்’ என்று மாற்றினேன். மத்தியானம் ‘கேவினாள்’. ராத்திரி மறுபடியும் ‘அழுதாள்’. இதற்குத் திருத்தம் என்று பேர்! சொல்லைத் துடைப்பதெல்லாம் கடைசி வேலை, முதலில் அந்தப் பத்தி அங்கே இருக்க வேண்டுமா என்று பார் என்று ஐயா வகுப்பில் சொன்னார். குறித்தும் வைத்திருக்கிறேன். கை கேட்டால்தானே.

ஜனவரி 10

ஏற்காடு. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவாயிலைத் தாண்டும்போது, ஸ்டுடியோ போய் வாசல் மட்டும் மிஞ்சி நிற்பதைப் பார்த்தேன். ஐயாவிடம் கொடுத்த கதை மாதிரியே இருக்கிறது.

அடிவாரத்திலிருந்து விரல் விட்டு எண்ணினேன். 17க்கும் 18க்கும் நடுவில் பின்சீட்டுக் குழந்தை வாந்தி எடுத்தது. அப்போதும் எண்ணிக்கையை விடவில்லை. மொத்தம் 20. சின்ன வயசிலிருந்து இந்தப் பாதையில் போய் வருகிறேன், 40 என்று எழுதியிருக்கிறேன். 7,000 அடி உயரம் என்றும் எழுதியிருக்கிறேன். 5,000 அடிக்கே கொஞ்சம் குறைவு. ஐயா அதற்குக் கோடு போடவில்லை, பாவம் பார்த்திருப்பார்.

பட்டும் இல்லை, போர்வையும் இல்லை. முன்னால் போன லாரியின் சிவப்பு விளக்கு வளைவுக்கு வளைவு காணாமல் போய்த் திரும்ப வந்தது. பனி என்று நான் பார்த்தது அவ்வளவுதான்.

அத்தையோடு காப்பித் தோட்டத்துக்குப் போனேன். ஒரே கொத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு எல்லாம் ஒட்டி ஒட்டி இருக்கின்றன. சிவப்பை மட்டும் திருகி எடுக்க வேண்டும். மிச்சத்துக்கு இரண்டு வாரம் கழித்து அதே செடிக்கு வர வேண்டும், அப்புறம் இன்னொரு தடவை. நான் கொத்தோடு உருவினேன். “காம்பப் பிச்சா அடுத்த வருஷம் அங்க பூ வருமா?” என்று அத்தை கையைத் தட்டிவிட்டார். விரலெல்லாம் இனிப்புப் பிசுக்கு, கழுத்தில் முசுறு கடி. கதையில் அம்மாயி நாள் முழுக்கப் பாடிக்கொண்டே பறிக்கிறாள். இன்று ஒருவரும் பாடவில்லை. கூலி கிலோவுக்கு, பாட்டுக்கு இல்லை.

அம்மாயி கட்டிலில் உட்கார்ந்து இருமிக்கொண்டே இருந்தது. கேட்கத்தான் போனேன். கேட்கவில்லை.

ஜனவரி 14

போகி. வாசலில் காப்பு கட்ட வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ எல்லாம் சரியாக எடுத்து வைத்த அம்மா, மேசையில் இருந்த காகிதக் கட்டையும் பழசு என்று நெருப்பில் போட்டுவிட்டாள். இரண்டு பிரதியும் போச்சு. ஐயாவின் பென்சிலும் போச்சு.

ஜனவரி 15

பொங்கல் தின்றேன். அம்மாவிடம் பேசவில்லை.

ஜனவரி 17

ஞாபகத்திலிருந்து எழுதினேன். 11 பக்கம் ஆறாகிவிட்டது. வெண்பட்டு எங்கே இருந்தது என்றே தெரியவில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது, அழும் பத்தி வரும்வரை. அது ஒரு சொல் பிசகாமல் அப்படியே வந்து விழுந்தது, மனப்பாடச் செய்யுள் மாதிரி. பார்க்காததுதான் இவ்வளவு நன்றாக ஞாபகம் இருக்கிறது. மறுபடியும் ஐந்தாம் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்திருக்கிறது, சனியன்.

கடைசித் தேதி 31.

ஜனவரி 20

அம்மாயியை எக்ஸ்ரே எடுக்கக் கீழே கூட்டி வந்தார்கள். டோக்கன் 46. உள்ளே போயிருந்தது 29. மாமா தட்டுவடை செட்டு வாங்கி வந்தார். இருமலுக்கு ஆகாது என்றேன். ஒன்றை வாங்கி, பீட்ரூட் துருவல் மடியில் சிந்தச் சிந்தச் சாப்பிட்டது. வாயைத் துடைத்துவிடும்போது கேட்டேன். தாத்தா சேதி வந்தப்போ ரொம்ப அழுதியா அம்மாயி?

“நானா? எங்கடி அழுதேன்? அன்னிக்குச் சம்பள நாளு. வரிசையில நின்னு காச வாங்கிட்டுத்தான் வூட்டுக்கே போனேன்.”

“அப்புறம்?”

“அப்புறமென்ன. பாதி வழியில எண்ணிப் பாத்தா ரெண்டு ரூவா கொறைவு. திரும்பிப் போயிக் கேட்டு வாங்குனேன்.”

46ஐக் கூப்பிட்டார்கள்.

ஜனவரி 21

ஐந்தாம் பக்கத்தைக் கிழித்தேன். அந்த இரண்டு ரூபாயை எங்கிருந்து தொடங்குவது என்று