அரியர் தாளும் ஆல்டோ குரலும்

நேற்று முடிவு வந்தது. மேற்கத்திய இசை வரலாற்றுத் தாளில் தேறிவிட்டேன். போன தடவை என்னைக் கவிழ்த்ததும் லூட் (பழைய ஐரோப்பிய நரம்புக் கருவி) பாடல் கேள்விதான், இந்தத் தடவை கரையேற்றியதும் அதேதான்.

போன தடவை லூட் பாடல்கள் இயற்றிய ஆங்கிலேயர் ஜான் டவ்லண்டின் சோகத்தைப் பற்றி மூன்று பக்கம் எழுதினேன். பாட்டைப் பற்றி எழுதவில்லை. பாட்டில் எந்தெந்தப் பாணிகள் கலந்திருக்கின்றன என்று கேட்டதற்கு ‘இத்தாலியத் தாக்கம்’ என்று ஒரே வரி. எந்த இடத்தில், எந்தக் குரலில் என்று காட்டாவிட்டால் மதிப்பெண் விழாது.

இந்தத் தடவை அவருடைய 1597 பாட்டுப் புத்தகத்தின் நகலை விடுதி மேஜையில் விரித்தோம். இடப்பக்கம் மேல்குரலும் லூட்டுக்கான டாப்லேச்சரும் (எந்தத் தந்தியில் எங்கே விரல் வைப்பது என்று காட்டும் குறிப்பு). எதிர்ப்பக்கத்தில் மற்ற மூன்று குரல்களும் வெவ்வேறு திசை பார்த்து அச்சாகியிருக்கும், மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பாடுவதற்காக. ‘கேன் ஷி எக்ஸ்கியூஸ்’ பாட்டில் எனக்கு ஆல்டோ, அதாவது மேல்குரலுக்கு அடுத்த கீழ்க்குரல். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போனேன். மூன்றாம் பகுதியில் மேல்குரல் ஒரே சுரத்தில் நின்று தட்டுகிறது. என் வரியிலோ ‘உட்ஸ் ஸோ வைல்ட்’ என்ற பழைய ஆங்கில மெட்டு ஓடுகிறது! தாளம் கலியார்ட் நடனத்தினுடையது. ஆறு எண்ணிக்கை, சில இடத்தில் மும்மூன்றாக, சில இடத்தில் இரண்டிரண்டாகப் பிரியும். ஊர் மெட்டும் அரண்மனை ஆட்டமும் ஒரே பாட்டில் இருக்கின்றன. மேல்குரலையே கேட்டுக்கொண்டிருந்தவரை இது என் காதில் விழவே இல்லை.

தேர்வில் கேட்டு எழுதுவதற்காக ஒலிக்கவிட்டது டவ்லண்டின் ‘ஃப்ளோ மை டியர்ஸ்’. பவான் என்ற மெதுவான நடனத்தின் அமைப்பு என்று முதலில் எழுதினேன். அப்புறம் உள்குரலைப் பிடித்தேன்: கண்ணீர், பெருமூச்சு, முனகல் என்று சொற்கள் வரும் இடத்தில் குரல் விடுவதை லூட் வாங்கித் திருப்பிச் சொல்கிறது, பல குரல்கள் சேர்ந்து பாடும் இத்தாலிய மாட்ரிகல் போல.

மற்றவை சுருக்கமாக:

- முதல் ஒலிப்பில் சொற்களை விட்டுவிடுங்கள். காலால் தாளம் போடுங்கள்.
- டாப்லேச்சர்: ஆங்கிலேயர் பிரெஞ்சு முறைப்படி எழுத்துகள், இத்தாலியர் எண்கள்.
- 1610-இல் வந்த ‘எ மியூசிக்கல் பாங்க்வெட்’டை மறக்கவே கூடாது. ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானியம், இத்தாலியம் நான்கும் ஒரே தொகுப்பில் உண்டு, இத்தாலியர் கச்சினியின் ‘அமரில்லி’ உட்பட. கலப்புக் கேள்விக்கு இது ஒன்றே போதும்.
- டவ்லண்டின் பயணங்களில் 1580 பாரிஸ், 1595 இத்தாலி, 1598 டென்மார்க். சரி, அதற்குமேல் வாழ்க்கைக் கதை வேண்டாம்.

கூடப் பாட ஆள் கிடைக்காவிட்டால் ஆல்டோவை மட்டும் கைப்பேசியில் பாடிப் பதிந்துகொள்ளுங்கள். அதை ஓடவிட்டு மேல்குரலை முணுமுணுங்கள். கடைசி வாரம் முழுக்கப் பேருந்தில் அப்படித்தான் படித்தேன்.