கணினி கண்டுகொள்ளாத ஹார்ட் டிஸ்க்

வெளிப்புற ஹார்ட் டிஸ்க்கைக் கணினி கண்டுகொள்ளவில்லை என்று யார் வந்து நின்றாலும், அதிலுள்ள கோப்புகளுக்கு வேறெங்காவது நகல் இருக்கிறதா என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன். இருந்தால் மனம்போனபடி சோதித்துப் பார்க்கலாம். இல்லாவிட்டால், டிஸ்க்கில் எதையும் எழுதாமல் எதுவரை போக முடியும் என்பதே கேள்வி.

அண்மையில் கோலாலம்பூரின் செந்தூலில் இருக்கும் பெரியம்மா மகன் தொலைபேசியில் அழைத்தார். பத்துமலைத் தைப்பூசத்தில் ஆண்டுதோறும் அவர் எடுத்த படங்கள் அனைத்தும் ஒரே டிஸ்க்கில் இருந்தன. "தம்பி, கம்ப்யூட்டர் டிஸ்க்கைப் பார்க்கவே மாட்டேங்குது. ஒரு தடவை தெரிஞ்சப்ப ஃபார்மட் பண்ணவான்னு கேட்டுச்சு, பண்ணிடவா?" என்றார். "எதையும் அழுத்தாதீங்கண்ணே, அப்படியே கழட்டி எடுத்துட்டு வாங்க" என்றேன். ஃபார்மட் செய்யவா என்று விண்டோஸ் கேட்கிறதென்றால் டிஸ்க் அதன் கண்ணில் பட்டுவிட்டது, உள்ளே இருக்கும் கோப்பு அமைப்புதான் புரியவில்லை என்று பொருள்.

பழுது பெரும்பாலும் வெளியே இருப்பதால் கேபிளிலிருந்தே தொடங்குகிறேன். 2.5 அங்குல டிஸ்க்குகள் பலவற்றில் காணப்படும் தட்டையான மைக்ரோ-பி செருகி இரண்டு பகுதிகளாகப் பிரிந்திருக்கும். நாளடைவில் தளர்ந்து, விரலால் லேசாகத் தட்டினாலே விளக்கு அணைந்து எரியும். அடுத்தது மின்சாரம். யூஎஸ்பி 2.0 வழங்கும் அளவு 500 மில்லி ஆம்பியர், 3.0 வழங்குவது 900. பழைய கணினியின் முன்பக்கத் துளையிலோ, தனி மின்சாரம் இல்லாத ஹப்பிலோ செருகினால் தட்டு சுழலத் தொடங்கி நின்றுவிடக்கூடும். 3.5 அங்குல டிஸ்க்குக்குத் தனி 12 வோல்ட் அடாப்டர் தேவை; மாலை நேர இடிமழைக்குப் பெயர்போன கோலாலம்பூரில் நான் முதலில் சந்தேகிப்பது அந்த அடாப்டரைத்தான்.

பிறகு காதை அருகில் வைத்துக் கேட்க வேண்டும். சீரான ரீங்காரம் நல்ல அறிகுறி. 'டிக், டிக்' என்று ஒரே இடைவெளியில் ஒலித்தால் படிக்கும் முனை தடுமாறுகிறது. உடனே கழற்றிவிட வேண்டும். குளிர்பெட்டியில் வைத்தால் சரியாகிவிடும் என்பாரின் பேச்சைக் கேட்காதீர்கள், நம் ஊர் ஈரப்பதத்தில் வெளியே எடுத்ததும் அது வியர்த்துவிடும்.

அண்ணனின் டிஸ்க் சீராகச் சுழன்றது. புதிய கேபிளை மாட்டியதும் விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மெண்ட் திரையில் முழுக் கொள்ளளவோடு தோன்றியது, ஆனால் 'ரா', அதாவது கோப்பு அமைப்பு அடையாளம் தெரியவில்லை, என்று காட்டியது. டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ நிரலில், படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் செக்டர்கள் (டிஸ்க்கின் சிறு சேமிப்புப் பகுதிகள்) பதிவாகியிருந்தன. இந்த நிலையில் கோப்பு அமைப்பைச் சரிசெய்யும் விண்டோஸ் நிரலான செக்டிஸ்க்கை ஓட்டுவது ஆபத்து: அது பழுதான டிஸ்க்கிலேயே திருத்தி எழுதும். லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற நிரல் வழியாக முழு டிஸ்க்கையும் புதியதொன்றில் பிரதியெடுத்தேன். எளிதில் படிக்கக்கூடிய பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, முரண்டு பிடிப்பவற்றுக்குப் பிறகு திரும்பும் நிரல் அது. எங்கே நின்றது என்பதையும் ஒரு கோப்பில் குறித்து வைப்பதால் இடையில் நிறுத்தித் தொடரலாம். அதன்பின் செக்டிஸ்க்கை அந்தப் பிரதியின் மீது ஓட்டினேன். சில படங்கள் பாதியில் சாம்பல் நிறமாகிவிட்டன, பெரும்பாலானவை முழுமையாகக் கிடைத்தன.

சுழன்றும் தோன்றவே தோன்றாத டிஸ்க்குகளில், பெட்டிக்குள் டிஸ்க்கின் சாட்டா இணைப்பை யூஎஸ்பியாக மாற்றும் சிறு மின்னணுப் பலகை பழுதாகியிருக்கலாம். டிஸ்க்கைக் கழற்றி வேறு பெட்டியில் போடுவது எல்லாவற்றுக்கும் ஒத்துவராது. சில மாடல்களில் யூஎஸ்பி இணைப்பே டிஸ்க்கின் பலகையில் பற்றவைக்கப்பட்டிருக்கும். வேறு சிலவற்றில் அந்தப் பலகைதான் தரவைக் குறியாக்கம் செய்வதால், அது இல்லாமல் படித்தால் குப்பையாகத்தான் தெரியும்.

இந்தக் கட்டத்தில் கணினிக் கடைகள் நிறைந்த புக்கிட் பிந்தாங் லோ யாட் பிளாசாவுக்கோ வேறெங்கோ எடுத்துச் செல்பவர்கள், விலையைக் கேட்கும் முன், "பிரதியெடுத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவீர்களா?" என்று கேளுங்கள். இல்லை என்றால் டிஸ்க்கைக் கையோடு வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.