பென்ட் கோட்டை மாடல் 1:72: சுவர் முடிஞ்சது, அடுத்து கூரை

சுவர் நாலும் எழும்பிருச்சு, ரெண்டு கொத்தளத்துல ஒண்ணு நிக்குது, அதனால இதுவரைக்கும் செஞ்சதை எழுதி வெச்சிடுறேன், மண்ணுல மாடல் பண்ண நினைக்கிறவங்களுக்கு உதவும்.

முதல்ல கோட்டையைப் பத்தி. அமெரிக்காவுல கொலராடோ மாநிலம், லா ஹன்ட்டா ஊருக்குப் பக்கத்துல ஆர்கன்சா ஆத்தோட வடகரையில 1833 வாக்குல கட்டினது. அப்ப அந்த ஆறுதான் அமெரிக்காவுக்கும் மெக்சிகோவுக்கும் எல்லை. சார்லஸ் பென்ட், அவர் தம்பி வில்லியம் பென்ட், கூட்டாளி செரான் செயின்ட் வ்ரெயின், இவங்க கம்பெனிதான் நடத்துச்சு, அதாவது ராணுவக் கோட்டையே இல்ல, முழுக்க வியாபாரம். அந்தப் பகுதிப் பழங்குடிகளான ஷையன், அரப்பஹோ மக்கள் பைசன் (அமெரிக்கக் காட்டெருமை) தோலைப் பதப்படுத்திக் கொண்டு வருவாங்க, பதிலுக்குத் துணி, கத்தி, பாசிமணி, வெடிமருந்துன்னு வாங்கிட்டுப் போவாங்க, தோலெல்லாம் வண்டி கட்டி செயின்ட் லூயிஸ் நகரத்துக்குப் போயிடும். வில்லியம் கல்யாணம் பண்ணினதே ஷையன்கள்ல பெரிய மதிப்புள்ள குடும்பத்துப் பொண்ணைத்தான், அந்தச் சம்பந்தம் இல்லாம இவ்வளவு பெரிய வியாபாரம் அங்க நின்னிருக்காதுன்னுதான் நான் நினைக்கிறேன்.

இப்ப அங்க போனா பாக்குற கோட்டை பழசு இல்ல. 1846ல மெக்சிகோ போருக்குப் போன அமெரிக்கத் தளபதி கர்னியோட படை இங்கதான் தங்கிச்சு, அடுத்த வருஷம் ஜனவரியில சார்லஸ் நியூ மெக்சிகோவுல இருக்கிற டாவோஸ் (Taos) ஊர்ல கொல்லப்பட்டார், 1849ல காலரா வந்து ஷையன்கள் கொத்துக் கொத்தா செத்தாங்க, அந்த வருஷமே வில்லியம் கோட்டையை விட்டுட்டுப் போயிட்டார், அவரே வெடி வெச்சுத் தகர்த்தார்னும் சொல்றாங்க. அப்புறம் கொஞ்ச காலம் கோச் வண்டி நிக்கிற ஸ்டேஷன், பின்னாடி மாட்டுப்பட்டி, கடைசியில வெறும் மண்மேடு.

அதைத் திரும்பக் கட்ட முடிஞ்சதுக்கு ஜேம்ஸ் ஏபர்ட்னு ஒரு ராணுவ லெப்டினன்ட்தான் பெரிய காரணம். 1846ல உடம்பு சரியில்லாம படை கூடப் போக முடியாம கோட்டையிலேயே தங்கினவர், சும்மா இருக்காம இடத்தை அளந்து படம் வரைஞ்சு வெச்சுட்டார். மத்த பயணிங்க எழுதினதைப் பாத்தா ஆளுக்கு ஒரு நீள அகலம் சொல்றாங்க, ஒண்ணும் ஒத்துப் போகாது. 1954லயும் 60கள்லயும் தோண்டிப் பாத்து அஸ்திவாரம் எங்கெங்க போகுதுன்னு கண்டுபிடிச்சாங்க, அதையும் ஏபர்ட் படத்தையும் சேத்து வெச்சு 1976ல, நாட்டோட 200வது வருஷத்துக்கும் கொலராடோவோட 100வது வருஷத்துக்கும், அதே இடத்துல மண்ணுலயே எழுப்பினாங்க. இப்படித் திரும்பக் கட்டுறது தப்பு, மிச்சத்தை அப்படியே விட்டுடணும்னு சொல்றவங்க உண்டு. கல்லுக் கட்டடத்துக்கு அது சரி. மண் சுவருக்கு மிச்சம்னு ஒண்ணு எத்தனை மழைக்கு நிக்கும்? கட்டினதுதான் சரின்னு எனக்குத் தோணுது.

மாடலுக்கு வரேன். சுவர் உயரம் 15 அடின்னு எடுத்தேன், 1:72ல, அதாவது நிஜ அளவுல 72ல ஒரு பங்கு, ரெண்டரை அங்குலம். உள்ள தெர்மோகோல், வெளியே நிஜ மண் பூச்சு. மண்ணை மாவு சலிக்கிற சல்லடையில சலிச்சு, மணல், கொஞ்சம் ஃபெவிகால். நிஜக் கோட்டையில மண் விரிசல் விடாம இருக்க ஆட்டு ரோமம் கலந்தாங்கன்னு சொல்வாங்க, அதனால நானும் கம்பளி நூலை ரொம்பப் பொடியா நறுக்கிக் கலந்து ஒரு அட்டையில பூசினேன், பக்கத்துல நூல் இல்லாமலும் ஒண்ணு. காஞ்சதும் பாத்தா நூல் இல்லாததுல நகம் உள்ள போற அளவுக்கு வெடிப்பு, ஓரம் வேற அட்டையை விட்டுத் தூக்கிருச்சு. நூல் கலந்ததுல உத்துப் பாத்தாத்தான் கோடு தெரியுது, அந்தக் கோடுங்க இந்த ஸ்கேலுக்கு அப்படியே வெயில்ல காஞ்ச சுவர் மாதிரியே இருக்கு, பெயிண்ட்ல இது வரவே வராது. பூச்சை ஒரே தடவையில கனமா போடாதீங்க, மெல்லிசா போட்டு நிழல்ல காய விட்டு மேல அடுத்தது.

நடு முற்றத்துல தோல் அழுத்துற பிரஸ் இருக்கும், பத்துப் பத்துத் தோலா அமுக்கிக் கட்டி வண்டியில ஏத்துவாங்க, அதை ஐஸ்க்ரீம் குச்சியில செஞ்சு முடிச்சாச்சு, நெம்புகோல் நிஜமாவே மேல கீழ அசையுது. முள்ளுக் கள்ளி சுவர் மேல நட்டு வெச்சிருந்தாங்களாம் ஏறி வரக்கூடாதுன்னு, அதுக்குப் பச்சை ஸ்பான்ஞ்சைக் கிள்ளி ஒட்டினேன்.

அடுத்து கூரை. மரத்தடி வரிசை, மேல குச்சி, மேல புல்லும் மண்ணும்னு அடுக்கு, அதுக்குத் தடிக்கு வேப்பங்குச்சி, மேல ஈர்க்குச்சி. ஆனா சமையலறை மேல மட்டும் கூரை போடாம திறந்தே விடப் போறேன். அங்க சமைச்ச ஷார்லட் அடிமையா இருந்த கறுப்பினப் பெண், அவங்க சமையலை வழிப்போக்கங்க புகழ்ந்திருக்காங்க, அவங்க கணவர் டிக் கிரீன், சார்லஸ் கொல்லப்பட்டப்புறம் டாவோஸ்ல நடந்த சண்டையில போரிட்டதுக்கு வில்லியம் விடுதலை கொடுத்தார். பென்ட் பேரைச் சொல்ற எல்லா மாடல்லயும் கொத்தளமும் கொடியும்தான் முன்னாடி நிக்குது, இதுல பாக்குறவங்க கண்ணு முதல்ல அந்த அடுப்புல விழணும். அடுப்பு எந்த மூலையில வருதுன்னு பிளானை வெச்சுப் பாத்துட்டு இருக்கேன், அது முடிவானதும் படத்தோட வரேன்.