சுவர் பூசும் முன்பே கேட்க வேண்டிய கேபிள் வழி

புதிய அலுவலகக் கட்டடத்தில் நெட்வொர்க் ஆட்களைப் பெரும்பாலும் ஃபால்ஸ் சீலிங் அடித்து முடித்த பிறகுதான் கூப்பிடுகிறார்கள். அதற்குள் ஏசி டக்ட், ஸ்பிரிங்க்ளர் பைப், மின் கம்பிகள் போகும் ட்ரே எல்லாம் தத்தம் இடத்தைப் பிடித்திருக்கும். எந்த கம்பெனி கேபிள் என்பதைவிட, அது போகும் வழி எப்போது முடிவானது என்பதில்தான் இந்த வேலையின் தரம் இருக்கிறது. ஆகவே ஆர்க்கிடெக்டின் முதல் வரைபடத்திலேயே தளத்துக்கு ஒரு ரேக் அறை (நெட்வொர்க் கருவிகளை அடுக்கி வைக்கும் அறை), அந்த அறைகளை மேலிருந்து கீழ்வரை இணைக்கும் ஷாஃப்ட், டேட்டாவுக்கென்று தனி ட்ரே, இவற்றைக் கேட்டு வாங்கிவிட வேண்டும்.

ரேக் அறை தளத்தின் நடுவில் இருப்பது நல்லது. ரேக்கில் கேபிள்கள் வந்து முடியும் பேட்ச் பேனலிலிருந்து மேஜையடி ஜாக் வரை 90 மீட்டர், இரு முனைகளிலும் பேட்ச் கார்டு எனும் சிறு இணைப்பு வயர்களுக்கு 10 மீட்டர், ஆக மொத்தம் 100, அதுதான் எல்லை. வரைபடத்தில் 75 மீட்டர் என்று தெரிவது, ட்ரேயில் ஏறி, டக்டைச் சுற்றி, தூண் வழியே இறங்கும்போது 90-ஐத் தாண்டிவிடும். கழிப்பறைக்குக் கீழே இந்த அறை வேண்டாம். ரேக் அறைக்குத் தனி ஏசி வேண்டும். மாலையில் அலுவலக ஏசியை அணைத்துவிடுவார்கள், கேபிள்களை இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச் இரவெல்லாம் ஓடும்.

பாயின்ட், அதாவது கேபிள் போய் முடியும் இடங்களின் கணக்குக்கு 60 இருக்கை உள்ள ஒரு தளத்தை எடுத்துக்கொள்வோம். மேஜைக்கு இரண்டு வீதம் 120, வைஃபைக்கு 6 இடங்களில் இரண்டிரண்டாக 12, மீட்டிங் அறைகளுக்கு 12, கேமரா 8, பிரின்டர் 4, கதவு ரீடர் 3. மொத்தம் 159. 24 போர்ட் பேனல் ஏழு போதும் என்றாலும் எட்டு வாங்குங்கள். இருக்கைகள் கூடாத அலுவலகம் அரிது.

எத்தனை பெட்டி கேபிள் வேண்டும் என்ற கணக்கில்தான் பலர் தவறுகிறார்கள். ரேக்கிலிருந்து பாயின்ட்டுக்கு மிகக் குறைந்த தூரம் 16 மீட்டர், மிக அதிகம் 80 என்றால் சராசரி 48. பத்து சதவீதம் கூட்டி, ரேக்கிலும் ஜாக்கிலும் விடும் உபரிக்கு 3 மீட்டர் சேர்த்தால் சுமார் 56. 159 பாயின்ட்டுக்கான மொத்த நீளத்தை, ஒரு பெட்டியில் உள்ள 305 மீட்டரால் வகுத்தால் 30 பெட்டி வரும். ஆனால் ஒரு பெட்டியில் 56 மீட்டர் துண்டு ஐந்துதான் தேறும். நடுவில் ஒட்டுப்போடக் கூடாது என்பதால் 32 பெட்டி வேண்டும்.

அடுத்தது கன்ட்யூட், அதாவது கேபிள் போகும் பைப். 25 மி.மீ. பைப்பின் உள்விட்டம் சுமார் 21 மி.மீ.; அதில் 40 சதவீதம்தான் நிரப்பலாம். கேட் 6 வகை கேபிள் என்றால் நான்கு, அதைவிடத் தடித்த கேட் 6ஏ என்றால் மூன்று. ஆறு கேபிளைத் திணித்து இழுத்தால் உள்ளே ஜோடி ஜோடியாக முறுக்கியிருக்கும் கம்பிகளின் முறுக்கு கலைந்துவிடும். அந்தச் சேதம் வெளியே தெரியாது, டெஸ்டில்தான் தெரியும். மின் கம்பிக்கு இணையாக ஓடும் இடத்தில் ஓர் அடியாவது இடைவெளி விடுங்கள். கடக்க வேண்டிய இடத்தில் செங்குத்தாகக் கடக்கட்டும்.

விலை குறைவாக இருக்கிறதே என்று செம்பு பூசிய அலுமினியக் கேபிளை வாங்கவே கூடாது. ஃபோனுக்கும் கேமராவுக்கும் அதே கம்பியில் மின்சாரம் போகும்போது அலுமினியத்தின் மின்தடை செம்பைவிட அதிகம் என்பதால், பல கேபிள்கள் ஒரே கட்டாகச் சேர்ந்து போகும் இடத்தில் சூடாகும். கம்பிகளை ஜாக்கில் பொருத்தும்போது ஜோடியின் முறுக்கை 13 மி.மீ.க்கு மேல் பிரிக்கக் கூடாது. நைலான் டையை இறுக்கிக் கட்டாமல் வெல்க்ரோ போடுங்கள். ஜாக்கில் வயர்களின் நிற வரிசைக்கு ஏ, பி என்று இரண்டு முறைகள் உண்டு; ஒரு முனையில் ஏ, மறுமுனையில் பி என்று கலக்காமல் கட்டடம் முழுக்க ஒன்றையே பின்பற்றுங்கள். சீலிங் மூடும் முன் ஒவ்வொரு பாயின்ட்டுக்கும் சர்டிஃபிகேஷன் டெஸ்ட் ரிப்போர்ட் கைக்கு வர வேண்டும். விளக்கு எரியும் சின்ன டெஸ்டர், கம்பி அறுபடாமல் இருக்கிறதா என்பதை மட்டும்தான் சொல்லும்.

நெட்வொர்க் கேபிளில் ஓடும் ஐபி ஃபோன் வழியாகவே கணினிக்கும் இணைப்பு கொடுக்கலாம். ஃபோனுக்கு மின்சாரமும் ஸ்விட்ச்சிலிருந்தே போவதால், அது கொடுக்கும் மொத்த மின் அளவைப் பாருங்கள்: 48 போர்ட்டுக்கு 370 வாட் என்றால் போர்ட்டுக்கு 8 வாட்கூடத் தேறாது. ஃபோனுக்குப் போதலாம், வைஃபைக்குப் போதாது.

லிஃப்ட் இன்டர்காம், வாட்ச்மேன் அறை போன்ற சில இடங்களில் இன்னும் அனலாக் லைன்தான். அவற்றுக்குத் தளத்துக்கு ஒரு 20 ஜோடி கேபிள் இழுத்து, இரு முனைகளிலும் க்ரோன் மாட்யூலில் (ஃபோன் கம்பிகளைச் செருகி இணைக்கும் கட்டை) முடித்துவிடலாம். வாட்ச்மேன் அறை கட்டடத்துக்கு வெளியே இருந்தால், அந்த ஜோடி உள்ளே நுழையும் இடத்தில் திடீர் மின்பாய்ச்சலைத் தடுக்கும் சர்ஜ் அரெஸ்டர் பொருத்தி எர்த் செய்யுங்கள். இடிமழையில் இபிஏபிஎக்ஸ் (அலுவலக டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்) கார்டு எரிந்துபோவது பெரும்பாலும் அந்த ஒரு கம்பி வழியாகத்தான்.