ரம்மியும் ராஜ்பவனும்

2022 அக்டோபர் 1 அன்று ஆன்லைன் சூதாட்டத் தடை அவசரச் சட்டத்துக்கு ஆளுநர் ஆர்.என்.ரவி ஒப்புதல் கொடுத்தார். அதே மாதம் 19ஆம் தேதி சட்டமன்றம் அதற்கான மசோதாவை நிறைவேற்றி அனுப்பியது. அதில் கையெழுத்துப் போட மட்டும் கை வரவில்லை! நவம்பரில் அவசரச் சட்டம் காலாவதியானது. டிசம்பரில் ஆன்லைன் விளையாட்டு நிறுவனப் பிரதிநிதிகள் ராஜ்பவன் போய் அவரைச் சந்தித்தார்கள். மார்ச்சில், மாநிலத்துக்கு இதில் அதிகாரமே இல்லை என்று மசோதா திரும்பி வந்தது. அப்படியானால் அக்டோபரில் ஒப்புதல் கொடுத்தது எந்த அதிகாரத்தை நம்பி?

மறுபடி நிறைவேற்றி அனுப்பினார்கள். 2023 ஏப்ரல் 10, மசோதாக்களுக்கு ஒப்புதல் தர ஆளுநர்களுக்குக் காலக்கெடு கேட்டுப் பேரவை தீர்மானம் போட்ட அதே நாளில் ஒப்புதல் வந்தது. நல்ல நேரம் பார்த்திருப்பார்கள் போல.

சரி, திமுகவுக்கு மட்டும் பாராட்டுப் பத்திரம் வாசிக்க வேண்டாம். 2020இலேயே அதிமுக அரசு தடை கொண்டுவந்தது. 2021 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. புதிய சட்டத்திலும் ரம்மி, போக்கர் மீதான தடை 2023 நவம்பரில் நீதிமன்றத்தில் அடிபட்டுப் போனது. அவை சூதாட்டம் இல்லையாம், திறமை ஆட்டமாம்.

அப்புறம் 2025 ஆகஸ்டில் ஒன்றிய அரசே பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்குத் தடை போட்டது. மக்களவையில் ஒரு நாள், மாநிலங்களவையில் மறுநாள், முடிந்தது. அதுவரை இந்தியக் கிரிக்கெட் அணியின் சட்டையில் இருந்தது, அப்படிப் பணம் கட்டி ஆட வைத்த ட்ரீம்11 நிறுவனத்தின் பெயர்.