ஸ்டேஷனில் முதலில் படிக்கட்டைப் பாருங்கள்

வடசென்னையில் அழகான ஸ்டேஷன் எது என்று கேட்டால் எல்லோரும் ராயபுரத்தைக் காட்டுவார்கள். 1856-இல் வாலாஜா ரோடு வரை வண்டி ஓடத் தொடங்கிய இடம் அது. முன்பக்கத் தூண்களைப் படம் பிடிக்க இன்றும் ஆள் வருகிறார்கள். சென்ட்ரலின் மணிக்கூண்டுக்கும் அப்படி ஒரு கூட்டம் உண்டு. தினமும் ஏறி இறங்குகிறவருக்கு இதனால் ஒரு நிமிடம்கூட மிச்சமாகாது. அவருக்கு வேண்டியது வாசல் எந்தப் பக்கம், படிக்கட்டு பிளாட்பாரத்தின் எந்த இடத்தில் என்பதுதான். பெட்டியில் நெரிசல் எங்கே வரும், யார் தண்டவாளத்தில் குதித்துக் கடப்பார்கள் என்பதெல்லாம் பெரும்பாலும் அந்த இரண்டிலேயே முடிவாகிவிடும்.

சென்ட்ரல் முட்டு ஸ்டேஷன். தண்டவாளம் அங்கே முடிந்துவிடுகிறது, கூட்டம் முழுக்க ஒரே முனை வழியாக வந்து போகிறது. இதில் ஒரு பெரிய நன்மை உண்டு: எந்தப் பிளாட்பாரத்துக்கும் படி ஏறாமல் போகலாம். சக்கர நாற்காலியில் வருகிறவருக்கும், மூட்டையோடு வருகிறவருக்கும் இதைவிட நல்ல அமைப்பு கிடையாது. அதற்குக் கொடுக்கும் விலை தூரம். வெளியூர் வண்டிகளில் வரும் எல்.எச்.பி. வகைப் பெட்டி ஒன்று ஏறத்தாழ 24 மீட்டர். 22 பெட்டியும் இன்ஜினும் சேர்ந்தால் 550 மீட்டர் வரும். இன்ஜின் பக்கத்துப் பெட்டியில் உங்கள் இருக்கை என்றால், வாசலைத் தாண்டிய பிறகும் அரை கிலோமீட்டர் நடை இருக்கிறது. சாமானோடு எட்டு நிமிடம், வயதானவர் கூட வந்தால் பத்துக்கு மேல். வண்டி புறப்பட ஐந்து நிமிடம் இருக்கும்போது உள்ளே நுழைகிறவர்கள் கண்ணில் பட்ட பெட்டியில் ஏறி, உள்ளேயே இடித்துக்கொண்டு போவது இதனால்தான்.

பக்கத்தில் மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸில் எலக்ட்ரிக் ட்ரெயினுக்கும் இதே கணக்கு, அளவு மட்டும் சிறிது. 12 பெட்டி வண்டி 250 மீட்டருக்குச் சற்று மேல். கும்மிடிப்பூண்டி வண்டி அங்கிருந்து கிளம்பும்போது வாசலை ஒட்டி நிற்பது கடைசிப் பெட்டி. ஓடி வருகிறவர்கள் எல்லாரும் அதில்தான் தொத்துவார்கள். நான்கு பெட்டி தள்ளி முன்னால் நடந்தால் நிற்க இடம் கிடைக்கும், சில நேரம் உட்காரவும் கிடைக்கும். காலையில் எதிர்த்திசையில் கதை தலைகீழ். சென்ட்ரலில் முதலில் வெளியேற வேண்டும் என்று பொன்னேரியிலேயே முன்பெட்டியில் ஏறுவார்கள். திருவொற்றியூர் வருவதற்குள் அது பிதுங்கும், பின்பெட்டிகளில் காற்று வாங்கலாம்.

முட்டு ஸ்டேஷனின் இன்னொரு தலைவலி பயணிக்குத் தெரியாமல் நடக்கிறது. வெளியூர் வண்டி வந்து நின்றதும் அதை இழுத்துவந்த இன்ஜின் முட்டுக்கும் பெட்டிகளுக்கும் நடுவே சிக்கிக்கொள்கிறது. வேறொரு இன்ஜின் மறுமுனையில் வந்து காலிப் பெட்டிகளை பேசின் பிரிட்ஜ் யார்டுக்கு இழுத்துப் போனால்தான் பிளாட்பாரமும் காலி, பழைய இன்ஜினுக்கும் விடுதலை. உள்ளே வரும் வண்டி, வெளியே போகும் வண்டி, யார்டுக்குப் போகும் காலிப் பெட்டி வரிசை எல்லாம் ஒரே கழுத்து வழியாகத்தான் போக வேண்டும். ஐந்து மணி நேரம் சரியாக ஓடிவந்த வண்டி கடைசி இரண்டு கிலோமீட்டரில் அவுட்டரில் நிற்பதும், பிளாட்பார எண் கடைசி நேரத்தில் மாறுவதும் இந்தக் கழுத்தால்தான். வியாசர்பாடி, கொளத்தூர் பக்கம் வீடு உள்ளவர்கள், பெரம்பூரில் நிற்கும் வண்டி என்றால் அங்கேயே இறங்கிவிடுவது புத்திசாலித்தனம்.

இடையில் உள்ள ஸ்டேஷன்களில் பிரச்சினை நீளம் இல்லை, உயரம். மேலே 25,000 வோல்ட் கம்பி ஓடுவதால் ஓவர் பிரிட்ஜின் அடிப்பாகம் தண்டவாளத்திலிருந்து ஆறு மீட்டருக்கு மேல் இருக்க வேண்டும். பிளாட்பார உயரத்தைக் கழித்து, பாலத்தின் கனத்தைக் கூட்டினால் ஏறத்தாழ 6 மீட்டர் ஏற்றம். ஒரு படி 15 செ.மீ. என்றால் 40 படி ஏறி 40 படி இறங்க வேண்டும். அதே உயரத்துக்குச் சாய்தளம் போட்டால், 12-க்கு 1 என்ற சரிவில் 72 மீட்டர் நீளம், நடுவில் நின்று மூச்சு வாங்கும் சமதளங்கள் தனி. அந்த நீளத்துக்கு இடம் இல்லாத ஸ்டேஷனில் லிஃப்ட் ஒன்றுதான் வழி. அது பழுதானால் அந்த வழியும் இல்லை.

இப்போது தண்டவாளத்தைக் கடக்கிறவரின் கண்ணால் பாருங்கள். பிளாட்பாரத்தின் இரு முனையிலும் 6-க்கு 1 அளவில் ஒரு சரிவு இறங்குகிறது. ரயில்வே ஊழியர்களின் வசதிக்கு வைத்தது. 80 படி ஒரு பக்கம், பதினாறடிச் சரிவு ஒரு பக்கம். வீடு அந்தச் சரிவின் பக்கம் இருந்தால் எதைத் தேர்ந்தெடுப்பார்கள் என்று சொல்லவே வேண்டாம். அத்துமீறிக் கடந்தால் ரயில்வே சட்டம் 147-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம். பலகையில் அதை எவ்வளவு பெரிதாக எழுதினாலும் அந்தப் பக்கம் ஒரு வாசல் இல்லாதவரை கூட்டம் குறையாது. கும்மிடிப்பூண்டி போகும் நம் வடக்கு லைனில் ஊர் தண்டவாளத்தின் இரண்டு பக்கமும் இருக்கிறது. டிக்கெட் கவுன்டரையும் வாசலையும் ஒரே பக்கம் வைத்தால் பாதி ஊருக்கு ஸ்டேஷன் முதுகைக் காட்டி நிற்கிறது என்றுதான் அர்த்தம்.

படிக்கட்டின் அகலத்துக்கு ஒரு எளிய கணக்கு. லண்டன் பாதாள ரயில் திட்டமிடலில், ஏறுவோரும் இறங்குவோரும் கலந்த படிக்கட்டில் ஒரு மீட்டர் அகலத்துக்கு நிமிடத்துக்கு 28 பேர் என்று எடுத்துக்கொள்வார்கள். 2.4 மீட்டர் படிக்கட்டு என்றால் நிமிடத்துக்கு 67 பேர். மாலை வண்டியிலிருந்து 600 பேர் இறங்கினால் கடைசி ஆள் மேலே போக ஒன்பது நிமிடம். அதற்குள் அடுத்த வண்டி வந்துவிட்டால் பிளாட்பாரம் காலியாகவே ஆகாது. ஆறு மீட்டர் அகலம் போட்டால் இது நான்கு நிமிடத்துக்குள் முடியும். அகலப்படுத்த இடம் இல்லாவிட்டால் இரண்டாவது படிக்கட்டு போடலாம். ஆனால் பழையதுக்குப் பக்கத்திலேயே போட்டால் பயன் பாதிதான். ஒரே முனையில் படிக்கட்டு இருந்தால் கடைசிப் பெட்டிக்காரர் 250 மீட்டர் நடக்க வேண்டும். இரண்டு படிக்கட்டையும் பிளாட்பாரத்தின் கால் பங்கிலும் முக்கால் பங்கிலும் வைத்தால் யாருக்கும் 65 மீட்டருக்கு மேல் நடையில்லை, பெட்டிகளிலும் கூட்டம் பரவி ஏறும்.

படியின் அடிவாரத்துக்கு மேல் கூரை நீளவேண்டும் என்பது அலங்கார விஷயம் இல்லை. மழை பெய்யும்போது இறங்கி வந்தவர்கள் கடைசிப் படியில் நின்றுவிடுவார்கள், பின்னால் வருகிறவர்களுக்கு அது தெரியாது. மும்பை எல்பின்ஸ்டன் ரோடு ஸ்டேஷனில் 2017 செப்டம்பர் 29 அன்று நடந்த நெரிசல் மரணங்களுக்கு முன்னால் இப்படித்தான் மழைக்கு ஒதுங்கிய கூட்டம் படியை அடைத்து நின்றது. அடைமழைக்கென்றே ஒரு பருவம் உள்ள ஊர் நம்முடையது.

பிளாட்பாரத்துக்கும் பெட்டிக்கும் இடையிலுள்ள இடைவெளியைப் பற்றிக் கோபப்படுகிறவர்கள் இதையும் தெரிந்துகொள்ளலாம். உயரப் பிளாட்பாரம் என்பது தண்டவாள மட்டத்திலிருந்து 760 முதல் 840 மி.மீ. வரை. அதன் விளிம்பு, தண்டவாளத்தின் நடுக்கோட்டிலிருந்து 1,670 முதல் 1,680 மி.மீ. தள்ளி நிற்கும். எலக்ட்ரிக் ட்ரெயின் பெட்டியின் அகலம் 3,660 மி.மீ., அதாவது நடுவிலிருந்து 1,830. பெட்டியின் உடல் விளிம்பைத் தாண்டி ஏறத்தாழ 15 செ.மீ. பிளாட்பாரத்துக்கு மேலே நீண்டு வருகிறது. மஞ்சள் கோட்டுக்கு வெளியே நிற்பவரின் தோளில் வண்டி படுவது அதனால்தான். பிளாட்பாரத்தைப் பெட்டித் தரை மட்டத்துக்கு உயர்த்தினால் பெட்டியே இடிக்கும். எண்ணூர் பக்கம் போகும் சரக்கு வண்டிகளும் இதே வழியில்தான் ஓடுகின்றன. ஆகவே ஒரு அடிக்கு மேல் ஏறித்தான் ஆக வேண்டும். ஜல்லி கொட்டி இறுக்கும் ஒவ்வொரு முறையும் தண்டவாளம் கொஞ்சம் உயர்ந்துவிடும், பிளாட்பாரம் இருந்த இடத்திலேயே இருக்கும். சில ஸ்டேஷன்களில் ஏற முழங்காலைத் தூக்க வேண்டியிருப்பதற்கு இதுவும் காரணம். மெட்ரோவில் வீட்டு அறைக்குள் நுழைவதுபோல் நுழைய முடிவது, அந்தப் பாதையில் அளவெடுத்துச் செய்த ஒரே வகை வண்டி மட்டும் ஓடுவதால்.

மெட்ரோ என்றதும் ஒரு எச்சரிக்கை. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை நீண்ட நீல லைன் திருவொற்றியூர் நெடுஞ்சாலையை ஒட்டிப் போகிறது. பழைய ரயில் பாதை அதற்கு மேற்கே. தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று இரண்டிலும் ஒரே பெயரில் ஸ்டேஷன் உண்டு, ஆனால் ஒன்றில் இறங்கி மற்றதில் ஏறிக்கொள்ளலாம் என்று நினைத்து வெளியூர் உறவினருக்கு வழி சொல்லாதீர்கள். மாற வேண்டுமென்றால் விம்கோ நகர் அல்லது சென்ட்ரல்.

அறிவிப்பு விஷயத்தில் சென்ட்ரலே ஒரு நல்ல பாடம் கொடுத்தது. 2023 பிப்ரவரி கடைசியில் ஒலிபெருக்கியை நிறுத்தி, திரைகளை மட்டும் நம்பச் சொன்னார்கள். சில நாட்களிலேயே ‘பயணிகளின் கனிவான கவனத்திற்கு’ திரும்பி வந்துவிட்டது. திரை அதைப் பார்த்து நிற்பவருக்கு மட்டுமே சேதி சொல்லும். பார்வையில்லாதவர், எழுத்து தெரியாதவர், குழந்தையைத் தேடிக்கொண்டிருப்பவர் யாருக்கும் அது உதவாது. இரைச்சல் குறைய வேண்டும் என்பது நியாயமே. விளம்பரத்தை முதலில் நிறுத்தியிருக்கலாம்.

பார்வையில்லாதவர்களுக்கான தரை ஓடுகளையும் கவனியுங்கள். நீளக் கோடு இருந்தால் ‘நட’, புள்ளி இருந்தால் ‘நில், கவனி’. இரண்டையும் கலந்து ஒட்டியிருந்தால், அல்லது கோடு நேராகத் தூணிலோ தேநீர்க் கடை மேசையிலோ முடிந்தால், ஓடு இல்லாமலே இருந்திருக்கலாம்.

ஓவர் பிரிட்ஜுக்குப் பதில் சப்வே போடலாமே என்று எப்போதும் ஒரு குரல் வரும். படிக் கணக்கில் அது சரிதான். தலைக்கு மேல் இரண்டரை மீட்டர் போதும் என்பதால் இருபத்தைந்து படியில் முடிந்துவிடும். ஆனால் கடலோரத்து நிலத்தடி நீர், அதன்மேல் ஐப்பசி மழை. வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதை மழைக்கு மழை குளமாவதைப் பார்த்தவர்கள், பம்பும் அதற்கு ஜெனரேட்டரும் இல்லாத சப்வேயைக் கேட்க மாட்டார்கள். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மாதிரி இடத்தில் மட்டும் சப்வேயை விட்டால் வேறு வழியில்லை. கேட் மூடினால்தான் சிக்னல் விழும் என்று இணைத்திருப்பதால், நடுவில் நுழையும் ஒரு பைக் ரயிலையே நிறுத்திவிடுகிறது.

மழை என்றால் பேசின் பிரிட்ஜுக்கும் வியாசர்பாடிக்கும் நடுவிலுள்ள 14-ஆம் எண் பாலத்தையும் நினைவில் வையுங்கள். 2023 டிசம்பரிலும் 2024 அக்டோபரிலும் அங்கே தண்ணீர் அபாய அளவைத் தாண்டியதும் வெளியூர் வண்டிகள் ரத்தாயின, சில ஆவடியிலிருந்து கிளம்பின. அப்படிப்பட்ட நாளில் திருவொற்றியூர்க்காரர் கேட்க வேண்டிய முதல் கேள்வி வண்டி எத்தனை மணிக்கு என்பதல்ல, எங்கிருந்து என்பது. ஆவடி என்றால் நீல லைனில் சென்ட்ரல், அங்கே பச்சை லைனுக்கு மாறி திருமங்கலம், பிறகு அம்பத்தூர் வழியாகச் சாலை. கையில் இரண்டரை மணி நேரமாவது வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.